எட்டு மில்லிமீட்டர்: ஏக்கமும் அதிகாரமும்

1

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடித்த வீடுகளின் தேக்குத் தூண்கள், பெல்ஜியம் கண்ணாடிகள், எனாமல் அடுக்குகள், ரவிவர்மா அச்சுப் படங்கள் எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து சேரும். போன மாதம் ஒரு கடையில் கூஜாவுக்கும் பித்தளை விளக்குக்கும் நடுவில் 8 மி.மீ. சினிக் காமிரா ஒன்று உட்கார்ந்திருந்தது. ஓடுமா என்று கேட்டேன். "ஓடி என்ன பண்ணப்போவுது சார்? ஷோகேஸ்ல வைக்கத்தான் கேக்குறாங்க" என்றார் கடைக்காரர்.

கூட வந்த இளம் நண்பர் குறும்படங்கள் எடுப்பவர். அவருக்குக் கடைக்காரர் சொன்னது பிடிக்கவில்லை. "டிஜிட்டல்ல உயிரே இல்லண்ணே. சுருள்ல எடுத்தாத்தான் உண்மை பதியும். அடுத்த படம் சூப்பர் 8தான்" என்றார். அன்று ராத்திரி வரைக்கும் வாதம் நீண்டது. இந்தக் கட்டுரை அந்த வாதத்தின் மிச்சம். எல்லார் கையிலும் போன் காமிரா வந்துவிட்ட காலத்தில் சிறுசுருளில் படமெடுப்பது எதிர்ப்பா, வெறும் ஏக்கமா? உயிர், உண்மை என்று நாம் சொல்லுவது சுருளில் எந்த இடத்தில் இருக்கிறது? நண்பரின் ஆசையைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. அந்த ஆசை எனக்கும் உண்டு. ஆனால் ஆசையை விசாரிக்காமல் விடுவது விமரிசகன் வேலையாகாது.

2

சிறுசுருள் பிறந்த கதையிலேயே அதன் அரசியல் இருக்கிறது. கோடக் கம்பெனி 1923-ல் 16 மி.மீ. சுருளைக் கொண்டுவந்தது. அன்றைக்குத் தியேட்டர்களில் ஓடிய 35 மி.மீ. சுருள் நைட்ரேட். தீப்பிடித்தால் அணைக்க முடியாது. அதை வீட்டுக்குள் விட முடியாது என்பதால் சிறுசுருள் ஆரம்பத்திலிருந்தே எளிதில் தீப்பற்றாத அசிட்டேட்டில் வந்தது. 1932-ல் 8 மி.மீ. 16 மி.மீ. அகலச் சுருளின் ஒரு பாதியில் எடுத்து, திருப்பிப் போட்டு மறுபாதியில் எடுத்து, கழுவியபின் நடுவே கிழித்து ஒட்டுவார்கள். 25 அடி 50 அடியாகும், நாலு நிமிஷம் ஓடும். 1965-ல் சூப்பர் 8. சுருளைக் கையால் மாட்ட வேண்டிய தொல்லையும் போயிற்று. பெட்டியைச் சொருகினால் போதும். நொடிக்கு 18 சட்டம் என்றால் 3 நிமிடம் 20 நொடி, 24 சட்டம் என்றால் இரண்டரை நிமிடம்.

ஆக இது வசதியான வீட்டுக்காக, அந்த வீட்டின் சந்தோஷத்துக்காகவே வடிவமைக்கப்பட்ட கருவி. பிறந்தநாள், கடற்கரை, கல்யாணம். துக்கத்தை எடுக்க யாரும் சுருள் வாங்கவில்லை. மூன்று நிமிஷத்தில் அடங்குகிற குடும்பம் என்ற கதையாடலை அந்தப் பெட்டியின் நீளமே எழுதிவிடுகிறது.

செட்டிநாட்டுக்கு இது எப்படி வந்திருக்கும் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்கப் போனவர்கள் தேக்கையும் எனாமலையும் கொண்டுவந்தார்கள். அதே பெட்டிகளில் காமிராவும் வந்தது. காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் அப்படி ஒரு வீட்டுச் சுருளைப் பார்க்க எனக்கு வாய்த்தது. தகர டப்பாவைத் திறந்தால் காடி வாடை. அசிட்டேட் சிதையத் தொடங்கினால் அந்த வாடைதான் வரும். வீட்டார் அதை ஏற்கனவே கணினிக்கு மாற்றி வைத்திருந்ததால் இரண்டையும் பார்த்தேன்.

அறுபதுகளில் நடந்த ஒரு கல்யாணம். முகப்பில் ஆண்கள், வளவில் பெண்கள், வைரம், வெள்ளிச் சாமான். காமிரா வளவைக் கடந்து இரண்டாங்கட்டுப் பக்கம் திரும்புகிறது. அடுப்படி நிழலிலிருந்து ஒரு அம்மா நிமிர்ந்து நேராக நம்மைப் பார்க்கிறார். இரண்டு நொடி இருக்கும். அதற்குள் வெளியிலிருந்து ஒரு கை வந்து அவரை விலகச் சொல்லி அசைகிறது. காமிரா சட்டென்று திரும்பிவிடுகிறது. "யாரு ஆச்சி அது?" என்று கேட்டேன். "சமைக்க வந்தவ தம்பி. பேரு என்னமோ... ஞாபகமில்ல" என்றார் அந்த ஆச்சி. கணினிக்கு மாற்றிய பிரதியில் அந்த இரண்டு நொடி இல்லவே இல்லை. 'வேஸ்ட்' என்று வெட்டி, மிச்சத்துக்கு நாதஸ்வரம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

நண்பர் சொன்ன உண்மை இதில் எது? சுருள் அந்த அம்மாவைப் பதிந்தது நிஜம். அது சுருளின் பெருமை. ஆனால் அவரை ஓரத்துக்குத் தள்ளியதும் அதே சுருளின் காலம்தான். அவர் முகம் பாதி இருட்டாகத் தெரிவதற்கு அடுப்படி நிழல் மட்டும் காரணமில்லை. கலர் பிலிமின் ரசாயனமே வெள்ளைத் தோலை மனதில் வைத்துச் செய்யப்பட்டது. லேப்களில் நிறம் சரிபார்க்க வெள்ளைப் பெண்ணொருத்தியின் படமிருந்த அட்டைதான் பல பத்தாண்டுகள் அளவுகோல். 'ஷெர்லி அட்டை' என்றே அதற்குப் பெயர். ஆக, இன்று நாம் 'கதகதப்பான நிறம்' என்று மயங்குவது யாருடைய தோலுக்குக் கதகதப்பு என்று கேட்டுத்தான் ஆகவேண்டும்.

3

இந்த மண்ணில் வேறொரு வகையிலும் சுருளைக் கையாண்டிருக்கிறார்கள். கோட்டையூர் ஏ.கே. செட்டியார் 1937 அக்டோபர் 2 அன்று நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குப் போகும் கப்பலில் காந்தி பற்றிய படத்துக்கான எண்ணம் கொண்டார். உலகம் சுற்றி, பலர் பல நாடுகளில் எடுத்துப் போட்டிருந்த துண்டுகளைத் தேடினார். 50,000 அடி சேர்ந்தது. அதிலிருந்து 12,000 அடியில் தொகுத்த படம் 1940-ல் தமிழில் வெளிவந்தது. அது சிறுசுருள் படமில்லை. ஆனால் நமக்கு வேண்டிய பாடம் அதில் இருக்கிறது. எடுப்பதைவிடத் தேடுவதும் சேர்ப்பதும் பெரிய சினிமா வேலையாக இருக்கலாம். அப்படிச் சேர்த்தவரின் தமிழ்ப் படமே முழுசாக நம் கைக்கு எட்டவில்லை என்பது இன்னொரு பாடம். ஏவி. மெய்யப்பன் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு 'நாம் இருவர்' (1947) எடுத்ததை ஊரே பெருமையாகச் சொல்லும். செட்டியாரின் சுருள் எங்கே என்று கேட்கத்தான் ஆளில்லை.

சிறுசுருள் பெரிய சினிமாவுக்கு வெளியே நின்றவர்களின் கருவியானதும் உண்டு. அதையும் சொல்லாமல் விட்டால் நான் நண்பருக்கு அநியாயம் செய்தவனாவேன். சென்னையிலிருந்து போன 35 மி.மீ. படங்கள் இலங்கைத் தியேட்டர்களை நிறைத்திருந்தபோது, அந்நாட்டின் முதல் தமிழ்ப் படம் என்று சொல்லப்படும் 'சமுதாயம்' 1962-ல் 16 மி.மீ. வண்ணச் சுருளில்தான் வந்தது. எடுத்தவர் ஹென்றி சந்திரவன்ச என்ற சிங்களவர். பெரிய சுருளுக்கு வழியில்லாத சமூகம் சிறுசுருளில் தன் முதல் அடியை வைத்தது. கேரளத்தில் ஜான் ஆப்ரகாமும் தோழர்களும் 1984-ல் ஒடேஸாவைத் தொடங்கி, ஊர் ஊராக 16 மி.மீ. புரொஜெக்டரோடு போய், சாப்ளின் படம் காட்டி, ஜனங்களிடம் காசு திரட்டி 'அம்ம அறியான்' (1986) எடுத்தார்கள். புனா ஆவணக் காப்பகம் அனுப்பிய 16 மி.மீ. பிரதிகள் இல்லையென்றால் நம் பிலிம் சொசைட்டிகள் இல்லை. அவை இல்லையென்றால் சினிமா பற்றி இந்தச் சிற்றிதழ் பக்கங்களும் இருந்திருக்காது.

இவர்கள் யாரும் சிறுசுருளை அழகுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. இல்லாமைதான் தேர்ந்தெடுத்தது. அமெரிக்க அவாங்-கார்ட்டின் பெரிய பெயரான ஸ்டான் பிரக்கேஜ் 8 மி.மீ.க்கு வந்த கதையும் அதுதான். 1964-ல் அவருடைய 16 மி.மீ. சாதனங்கள் திருட்டுப் போயின. மறுபடி வாங்கப் பணமில்லை. மலிவாகக் கிடைத்த 8 மி.மீ. காமிராவை எடுத்துக்கொண்டார். மலிவு என்பதுதான் சிறுசுருளின் அரசியலாக இருந்தது.

4

இன்று அந்த மலிவு எங்கே? ஊட்டியில் 1960-ல் அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் மூடிக் கிடக்கிறது. 'இந்து' என்ற பெயரில் கறுப்பு-வெள்ளைச் சுருளும் எக்ஸ்ரே பிலிமும் செய்த ஆலை அது. கோடக்கின் புகழ்பெற்ற கோடக்குரோமைக் கழுவுவதைக் கடைசி லேபும் 2010 முடிவோடு நிறுத்திவிட்டது. காமிராவுக்குள் கழுவாமல் கிடக்கும் கோடக்குரோம் சுருளின் வண்ணம் இனி வராது. ஆரி, பானாவிஷன், ஆட்டன் மூன்றும் 2011 வாக்கில் பிலிம் காமிரா செய்வதை விட்டன. 2012-ல் கோடக்கே திவால் மனு போட்டது. பிறகு அதே கோடக் 2016-ல் புது சூப்பர் 8 காமிராவை அறிவித்து, 2023 கடைசியில் சந்தைக்கு விட்டது. விலை 5,495 டாலர். நம் கணக்கில் நாலரை லட்சத்துக்கு மேல். சுருளும் கழுவும் கூலியும் தனி. இல்லாதவர் கருவி இருப்பவர் அலங்காரமாகிவிட்டது.

அதனால்தான் செட்டிநாட்டு பங்களாக்களை வாடகைக்கு எடுத்து நடக்கும் வெளியூர்க் கல்யாணங்களில் சூப்பர் 8 காட்சிகளும் நாகரிகம் என்றால் எனக்கு ஆச்சரியமில்லை. அதுவும் முடியாதவர்களுக்குப் போனில் செயலி இருக்கிறது. கீறல், தூசு, புள்ளி எல்லாம் அதுவே போட்டுத் தரும். வால்டர் பெஞ்சமின் 1936-ல் எழுதிய கட்டுரையில், கலைப்பொருளின் ஒளிவட்டத்தைக் கலைக்கும் சக்தியாகச் சினிமாவைக் கண்டார். மூலம் என்ற ஒன்றே இல்லாத கலை, கூட்டத்தின் கலை என்று அதை நம்பினார். இன்று அந்தச் சுருளின் தலைக்குப் பின்னாலேயே ஒளிவட்டம் வரைகிறோம். பெயர்த்தெடுத்த தேக்குத் தூண் ஹோட்டல் வரவேற்பறையில் எதையும் தாங்காமல் நிற்கிற மாதிரி, பெயர்த்தெடுத்த புள்ளிகள் போன் திரையில் எதையும் பதியாமல் நடுங்குகின்றன.

அதற்காக டிஜிட்டல் கொடுத்ததை மறைக்க முடியாது. 1999 ஜூலை 23 அன்று தாமிரபரணிக் கரையில் மாஞ்சோலைத் தொழிலாளர் ஊர்வலத்தின்மேல் போலீஸ் தடியடி நடத்தியதில் 17 பேர் மாண்டார்கள். அன்றைய நிகழ்வு வீடியோவில் பதிவானதால்தான் ஆர்.ஆர். சீனிவாசனின் 'ஒரு நதியின் மரணம்' சாத்தியமாயிற்று. சூப்பர் 8 என்றால்? மூன்று நிமிஷத்தில் சுருள் தீரும். பிறகு லேபுக்குப் போகும். நம் கண்ணுக்கு முன்னால் லேப்காரர் கண்ணுக்குப் படும். எப்போது வரும், வருமா என்பது நம் கையில் இல்லை. லேப் என்ற சோதனைச் சாவடியை உடைத்ததுதான் வீடியோ. போன் காமிரா அதையும் தாண்டி எளிய மனிதர் கைக்கு வந்தது. என்னைக் கேட்டால், இன்றைய நிஜமான 8 மி.மீ. அதுதான்.

ஆனால் சாவடி ஒழியவில்லை, இடம் மாறியிருக்கிறது. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' (2017) டிஜிட்டல் படம்தான். எடுக்க முடிந்தது, திரையிட அனுமதி மறுத்தார்கள். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூடு, 13 பேர் பலி. மறுநாளே தூத்துக்குடி, நெல்லை, குமரி மூன்று மாவட்டங்களில் இணையத்தை நிறுத்தினார்கள். கையில் காமிரா இருந்தது, பாதை அரசிடம் இருந்தது. சேமிப்போ கம்பெனியிடம். சுருளில் எடுப்பது கஷ்டம், எடுத்தபின் அது என் வீட்டு டப்பாவில் கிடக்கும். டிஜிட்டலில் எடுப்பது சுலபம், எடுத்தபின் அது எங்கே கிடக்கிறது என்று எனக்கே தெரியாது. பழுதான ஹார்ட் டிஸ்க் காடி வாடைகூட அடிக்காது. சொல்லாமல் செத்துப்போகும்.

5

ஆக விவாதம் சுருளா, டிஜிட்டலா என்பதில்லை. கச்சாப் பொருளிலிருந்து திரை வரைக்கும் உள்ள பாதையில் எந்தெந்த இடம் யார் கையில் இருக்கிறது என்பதுதான். அந்தக் கேள்வியோடு சிறுசுருளை எடுத்தால் அதற்கு இன்றும் வேலை இருக்கிறது. எனக்குத் தெரிவது மூன்று.

ஒன்று, முடிவெடுக்கும் பழக்கம். மெமரி கார்டு இருக்கும்வரை ஓட்டிக்கொண்டே இருப்பவன் எங்கே நிற்பது, எதை விடுவது என்பதைத் தள்ளிப்போடுகிறான். இரண்டரை நிமிஷச் சுருள் அதை அந்த இடத்திலேயே கேட்கும். இதைப் பழக ஒரு சுருள் போதும். காசில்லையென்றால் போனிலேயே இரண்டரை நிமிஷம், வெட்டு ஒட்டு கிடையாது என்று வைத்துக்கொண்டும் பழகலாம்.

இரண்டு, ரசாயனத்தைக் கையில் எடுப்பது. கறுப்பு-வெள்ளைச் சுருளைக் காப்பித்தூள், சலவைச் சோடா, வைட்டமின் சி கலந்த தண்ணீரில் கழுவி உருவத்தை வரவைக்கலாம். நிலைநிறுத்த மட்டும் ஹைப்போ வேண்டும். ஐரோப்பாவில் கலைஞர்கள் மூடிய லேப்களின் இயந்திரங்களை வாங்கித் தாங்களே கூட்டாக நடத்துகிறார்கள். மும்பையில் ஹர்கத் ஸ்டுடியோ 16 மி.மீ. படவிழாவே நடத்தியிருக்கிறது. இருட்டறையில் நாலு பேர் வாளியைச் சுற்றி நிற்கும்போது, பிம்பம் வானத்திலிருந்து விழுவதில்லை, செய்யப்படுவது என்பது புரியும். அதே சமயம் இதைத் தன்னாட்சி என்று பெரிதாகப் பேசவும் வேண்டாம். ஊட்டி ஆலை போனபிறகு நம் சுருள் இறக்குமதிச் சரக்கு. கோடக்கை விட்டால் செக் நாட்டு ஃபோமா மாதிரி ஒன்றிரண்டு பெயர்கள்தான்.

மூன்றாவதுதான் எனக்கு முதன்மையானது. புதுச் சுருள் எடுப்பதற்கு முன்னால் பழைய சுருளைத் தேடுவது. இந்த வட்டாரத்தில் வீடுகள் இடிபட இடிபடத் தூணுக்கு விலை கிடைக்கிறது, தகர டப்பா குப்பைக்குப் போகிறது. அவற்றைக் கேட்டு வாங்கி, ஓரம் ஒரு சட்டம்கூட வெட்டாமல் பிரதி எடுக்க வேண்டும். வீட்டார் பார்க்க விரும்புவது நடுவில் இருக்கும். நாம் பார்க்க வேண்டியது ஓரத்தில். பெட்டி தூக்குகிறவர், பந்தி பரிமாறுகிறவர், காரோட்டி, தள்ளி நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகள். தங்களைத் தாங்களே எடுத்துக்கொள்ள வழியில்லாதவர்களின் அசையும் பிம்பம் அந்தக் காலத்திலிருந்து மிஞ்சியிருக்கிறதென்றால், அடுத்தவர் வீட்டுக் கல்யாணச் சுருளின் ஓரத்தில்தான் மிஞ்சியிருக்கும்.

நண்பரிடம் இதைச் சொன்னேன். "அப்ப நான் படம் எடுக்க வேணாமாண்ணே?" என்றார். எடுங்கள் தம்பி. எடுக்கும்போது காமிராவை இரண்டாங்கட்டிலிருந்து முகப்பைப் பார்த்து வையுங்கள். அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த அடுப்படி அம்மாவின் ஊர்க்காரர்கள் இன்னும் பக்கத்துக் கிராமங்களில் இருப்பார்கள். அந்த இரண்டு நொடியைப் போனில் ஏற்றிக்கொண்டு போய் நாலு கிழவிகளிடம் காட்டிப் பேர் கேட்டு வருவோம். சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.