தூண்டிவிட்டது யார்?

எழுவாய், செயப்படுபொருள் என்று வகுப்பில் படித்தபோது இலக்கணத்துக்குள்ளும் சாதி இருக்கும் என்று தோன்றவில்லை. 'தூண்டு' என்கிற சொல்தான் பிற்பாடு காட்டிக்கொடுத்தது.

திரியைத் தூண்டுவது நம் வீட்டுப் பேச்சு. மங்குகிற திரியைக் குச்சியால் மேலே ஏற்றிவிடுவது. அந்தக் குச்சிதான் தூண்டுகோல். எண்ணெயும் நெருப்பும் முன்பே இருக்கணும். வெறும் விளக்கை எவனும் தூண்ட முடியாது.

கொங்குச் சீமையில் 'விடு' சேர்ந்ததும் சொல்லின் குணமே மாறிப்போகிறது. கூலி உயர்த்திக் கேட்டாலும், டீக்கடையில் தனிக்குவளையை மறுத்தாலும், "இவனுகளுக்கு என்னங்க தெரியும், எவனோ தூண்டி உடறான்" என்பார் பண்ணையக்காரர். தூண்டுகிறவன் எழுவாய், நாம் வெறும் செயப்படுபொருள். கோபம்கூட நமக்கு வெளியூரிலிருந்துதான் வரணுமாம்!

2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு வீட்டின் சுற்றுச்சுவர் மழையில் இடிந்து அருந்ததியர் வீடுகள்மேல் விழுந்தது. 17 பேர் செத்தார்கள். நீதி கேட்டுத் திரண்டவர்களைப் போலீஸ் தடியால் அடித்தது, கைது செய்தது. 17 பிணங்களுக்கு முன்னால் நிற்கிறவனை இன்னொருவன் வந்து தூண்டணுமா?

சட்டத்திலும் இந்தச் சொல் உண்டு. கலவரம் வரட்டும் என்று ஆத்திரமூட்டுவது இந்திய தண்டனைச் சட்டத்தின் 153. குற்றம் செய்யத் தூண்டுவது 107. 2024 ஜூலையிலிருந்து புதிய சட்டத்தில் எண்கள் 192, 45. மேடையில் பேசுகிற நம் ஆள்மீது முதல் தகவல் அறிக்கையிலேயே இந்தச் சொல் ஏறிவிடுகிறது. 2016 மார்ச் 13 அன்று உடுமலையில் சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். திருப்பூர் நீதிமன்றம் 2017இல் கௌசல்யாவின் தந்தை உட்பட ஆறு பேருக்குத் தூக்கு விதித்தது. சதி நிரூபிக்கப்படவில்லை என்று 2020 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம் தந்தையை விடுவித்தது. குற்றத்தை நிரூபிக்கணும் என்பது சரிதான். அந்தக் கண்டிப்பு நம் வழக்குகளிலும் இருக்கிறதா என்பதே கேள்வி.

நம்மிடமும் ஒரு பிழை உண்டு. ஆணவக் கொலை நடந்தால் 'சாதி அமைப்புகளால் தூண்டிவிடப்பட்ட இளைஞர்கள்' என்று துண்டறிக்கை அடிக்கிறோம். நானும் எழுதியிருக்கிறேன். அரிவாள் பிடித்தவனை அப்போது நாமே செயப்படுபொருளாக்கித் தப்பவிடுகிறோம். நமக்குப் பொருந்தாத இலக்கணம் அவனுக்கு மட்டும் எப்படிப் பொருந்தும்? ஏவியவர் இருந்தால் அவர் பெயரையும் ஆதாரத்தோடு தனி வாக்கியத்தில் சொல்வோம். இவன் வெட்டினான் என்றே எழுதலாம்.