முறிந்த நிப்பிள்

நானுஓயாவிலிருந்து திம்புள்ளப் பக்கம் தலவாக்கலைக்கு இறங்கும் ஏ 7 பாதையில் பைக் ஓட்டுபவனுக்குப் பிரேக்தான் உயிர். 1969இல் ஹொண்டா சிபி750 பிரபலமாக்கிய டிஸ்க் பிரேக்கின் பழைய கலிப்பர்களில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது, காற்று எடுக்கும் அந்தச் சின்ன நிப்பிள். கலிப்பர் அலுமினியம், நிப்பிள் இரும்பு. தென்மேல் பருவமழையின் ஈரம் சேர்ந்தால் இரண்டும் அரித்துப் பூட்டிக்கொள்ளும். அவசரமாக ஸ்பேனரைத் திருப்பினால் தலை மட்டும் கையோடு வரும்.

நல்ல மெக்கானிக்கை அடையாளம் காண்பது இங்கேதான். கலிப்பரைக் கழற்றி, பிரேக் ஒயிலை வடித்து, பிஸ்டனையும் ரப்பர் சீல்களையும் எடுத்துவிடுவார். முறிந்த துண்டின்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடிப்பார். இரும்பு வெல்டு அலுமினியத்தில் ஒட்டாது; ஆனால் அந்தச் சூடு துருப்பிடியை உடைத்துவிடும். சூட்டில் அலுமினியம் இரும்பைப்போல ஏறத்தாழ இரு மடங்கு விரியும் என்பதும் உதவிக்கு வரும். பிறகு ஸ்பேனரை முன்னும் பின்னுமாக, கொஞ்சம் கொஞ்சமாக அசைப்பார். முறிந்த துண்டைத் துளைத்துத் திருகி எடுக்கும் ஈசி அவுட்டை நான் அவ்வளவாக நம்புவதில்லை. அதுவும் உள்ளே முறிந்தால் அந்தக் கடின எஃகைத் துளைக்கச் சாதாரண டிரில் பிட்டால் ஆகாது.

துண்டு வெளியே வந்ததும், பூட்டும் புது நிப்பிளுக்கு ரப்பர் மூடியும் போட்டுத்தான் தருவார்.