பட்டன் கத்தியும் கண்ணாடி அலமாரியும்

‘12 ஆங்ரி மென்’ படத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மனசாட்சி, ஜனநாயகம், கூட்டத்துக்கு எதிரே நிற்கும் ஒற்றை மனிதன் என்று போய்விடுவார்கள். தப்பில்லை. ஆனால் எனக்கு அது முதலில் ஒரு கத்தியைப் பற்றிய படம். இன்னும் சரியாகச் சொன்னால், ‘அபூர்வம்’ என்று யாராவது சொன்னதும் நாம் எவ்வளவு சீக்கிரம் நம்பிவிடுகிறோம் என்பதைப் பற்றிய படம்.

சிட்னி லூமெட் 1957-ல் எடுத்தது. ரெஜினால்ட் ரோஸ் 1954-ல் தொலைக்காட்சிக்கு எழுதிய நாடகம்தான் மூலம். நியூயார்க்கின் ஏழைத் தெருவில் வளர்ந்த 18 வயதுப் பையன் தன் அப்பாவைக் குத்திக் கொன்றதாக வழக்கு. முக்கியச் சான்று ஒரு பட்டன் கத்தி, கைப்பிடியில் வேலைப்பாடு உள்ளது. அதை விற்ற கடைக்காரர், இந்த மாதிரி இன்னொன்று தன் கடைக்கு வந்ததே இல்லை என்று சொல்லியிருக்கிறார். அந்த ஒரு வாக்கியத்தில் பையனின் உயிர் ஊசலாடுகிறது. ஹென்றி ஃபோண்டா நடித்த எட்டாம் ஜூரி, அச்சு அசலாக அதே கத்தியைத் தன் பையிலிருந்து எடுத்து மேசையில் குத்துகிறார். பையன் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓர் அடகுக் கடையில் வாங்கியதாம். வாங்குவதே சட்டவிரோதம் என்று ஒருவர் கத்துகிறார். ஆமாம், சட்டத்தை மீறித்தான் வாங்கினேன் என்கிறார் ஃபோண்டா, அலட்டிக்கொள்ளாமல்.

பழைய ஆட்டோமேடிக் கத்திகளைச் சேகரிப்பவர்களின் உலகம் கொஞ்சம் பழகினால் இந்தக் காட்சி வேறு மாதிரி தெரியும். எங்கள் ஊத்துக்குளியிலிருந்து தினமும் திருப்பூர் போய்வரும் மெர்ச்சண்டைசர் ஒருவர் எனக்கு அண்ணன் மாதிரி. பகல் முழுக்க பையர்களோடு மல்லுக்கட்டு. ராத்திரி பத்து மணிக்கு மேல் பழைய கத்திகளின் ஏலப் படங்களைப் பார்ப்பதுதான் அவருக்கு ஓய்வு. வாங்கமாட்டார். சுங்கத்தில் மாட்டும் என்று தெரியும். கையில் இருப்பது விரல் நீள அலகுள்ள பழைய ராம்பூரி ஒன்றுதான். ஆனால் இத்தாலியின் மனியாகோ, ஜெர்மனியின் சோலிங்கன், அமெரிக்காவின் வால்டன் என்று கத்தி செய்த ஊர்களை, நம்ம ஊரில் நூல் கவுண்ட் சொல்வதுபோல் மூச்சுவிடாமல் சொல்வார். ஒரு கத்தியின் மதிப்பை எதை வைத்து முடிவு செய்கிறார்கள் என்று கேட்டேன்.

“ஸ்பிரிங் ஒரிஜினலா இருக்கோணும். கம்பெனி முத்திரை தேயாம இருக்கோணும். முக்கியமா, தீட்டியிருக்கக் கூடாது. தீட்டிட்டா அப்பறம் அது சும்மா கத்திங்க தம்பி.”

இதைவிட நேர்மையான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை. எதையும் வெட்டாத கத்திதான் உயர்ந்த கத்தி.

இந்தக் கத்தியின் பொறிநுட்பம் எளிமையானது. அலகின் அடிப்பகுதியில் ஒரு துளை. பட்டனின் கீழே இருக்கும் சிறு முளை அந்தத் துளையில் உட்கார்ந்து அலகைப் பிடித்துவைக்கிறது. பட்டனை அழுத்தினால் முளை விலகும், ஸ்பிரிங் அலகைத் தள்ளிவிடும். திறந்து நின்றதும் முளை மறுபடி பூட்டும். எனக்குப் பிடித்த விஷயம் வேறு. திறக்கும் அந்த விசை எங்கிருந்து வருகிறது? கடைசியாக மூடிய கையிலிருந்து. மூடும்போது ஸ்பிரிங்கை எதிர்த்துத் தள்ளுகிறோமே, அதுதான் உள்ளே தங்கியிருக்கிறது. நாற்பது வருஷம் அலமாரியில் கிடந்த கத்தியை இன்று ஒருவர் திறந்தால், வெளியே வருவது நாற்பது வருஷத்துக்கு முன் அதை மடக்கிய யாரோ ஒருவரின் கட்டைவிரல் பலம். ஏலப் படங்களின் கீழே இதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

ஜார்ஜ் ஷ்ரேட் அமெரிக்காவில் 1890-களில் பட்டன் கத்திக்குக் காப்புரிமை வாங்கியபோது அது ஒரு சௌகரியம், அவ்வளவுதான். ஒரு கையில் வேலை இருக்கும்போது மறு கையால் திறக்கலாம். இரண்டாம் உலகப் போரில் பாராசூட் வீரர்களுக்குக் கொடுத்தார்கள், சிக்கிய கயிற்றை அறுக்க. போருக்குப் பிறகு இத்தாலியிலிருந்து திரும்பிய சிப்பாய்கள் நீளமான ஸ்டிலெட்டோக்களைக் கொண்டுவந்தார்கள். 1950 நவம்பரில் ‘உமன்ஸ் ஹோம் கம்பேனியன்’ என்ற பெண்கள் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. தலைப்பின் பொருள்: கொல்லும் பொம்மை. அப்புறம் ‘ரெபெல் வித்தவுட் எ காஸ்’ (1955), மேடையில் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’ (1957). ‘12 ஆங்ரி மென்’ வந்த அடுத்த வருஷம், 1958-ல், மாநிலம் விட்டு மாநிலம் இந்தக் கத்தி வியாபாரத்தைத் தடைசெய்யும் சட்டம் வந்தது. ராணுவத்துக்கு விலக்கு. ஒற்றைக் கை உள்ளவர்களுக்கும், 3 அங்குலத்துக்கு மிகாத அலகாக இருந்தால், விலக்கு. அந்த ஒற்றை விலக்கில்தான் ஷ்ரேட் நினைத்த கத்தி இன்னும் உயிரோடு இருக்கிறது.

மலிவாகத் தபாலில் கிடைத்த சாமான் அதற்குப் பிறகுதான் ‘அபூர்வம்’ ஆனது. வீட்டில் வைத்திருந்தவன் பயந்து தூக்கிப்போட்டான், போலீஸ் பிடித்ததை அழித்தது. மிச்சம் இருந்தவை விலை ஏறின. எந்தக் கொல்லனும் இந்த அபூர்வத்தைச் செய்யவில்லை. ஃபோண்டா மேசையில் குத்தியதுபோன்ற கத்தியை இன்று ஏலத்தில் எடுப்பவர், அந்தக் கடைக்காரரின் சாட்சியத்தைத்தான் காசு கொடுத்து வாங்குகிறார்: இதுபோல் இன்னொன்று இல்லை.

சேகரிப்பைப் பற்றிப் பேசினால் வால்டர் பெஞ்சமினைத் தாண்ட முடியாது. தன் புத்தகப் பெட்டிகளைப் பிரிப்பதைப் பற்றி அவர் 1931-ல் எழுதிய கட்டுரை நம் இணையக் கட்டுரைகளில் ஏற்கனவே கொஞ்சம் தேய்ந்துவிட்டது, இருந்தாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பொருளின் காலம், ஊர், கைவேலை, அதை முன்பு வைத்திருந்தவர் எல்லாம் சேர்ந்துதான் உண்மையான சேகரிப்பாளனை ஈர்க்கிறது என்கிறார். புத்தகத்துக்கு இது பொருந்தும். பழைய உடைமையாளரின் கையெழுத்து இருந்தால் மதிப்பு கூடும். கத்திக்கு? காலம், ஊர், கைவேலை மூன்றும் ஏலக்குறிப்பில் இருக்கும். நான்காவது இருக்காது. போர்வீரனோ பிரபலமோ வைத்திருந்தால் மட்டும் பெயர் வரும். தெருப்பையன் ஒருவன் வைத்திருந்தால் அது கறை. எண்ணெய் போட்டுத் துடைத்துவிடுவார்கள்.

போர்ஹெஸின் ‘எல் என்குவென்ட்ரோ’ (சந்திப்பு) என்ற கதை, 1970-ல் வந்த ‘ப்ரோடியின் அறிக்கை’ தொகுப்பில் இருப்பது, இந்தத் துடைத்தலுக்கு நேரடியான பதில். அதைப் பலர் அமானுஷ்யக் கதை என்று ரசித்துவிட்டுப் போகிறார்கள். 1910-ல் போனஸ் அயர்ஸுக்கு வெளியே ஒரு பண்ணை வீடு. பணக்கார இளைஞர்களின் விருந்து. கதைசொல்லி அப்போது சிறுவன். வீட்டில் ஒரு கண்ணாடி அலமாரி நிறையக் கத்திகள். சீட்டாட்டத்தில் உரியார்த்தே, டங்கன் என்ற இருவருக்குள் தகராறு. அலமாரியிலிருந்து ஆளுக்கொரு கத்தி எடுக்கிறார்கள். கத்தியே பிடித்துப் பழகாத இருவரும், முதலில் தடுமாறி, பிறகு தேர்ந்த சண்டைக்காரர்கள்போல் மோதுகிறார்கள். டங்கன் சாகிறான். உரியார்த்தே அழுகிறான். பல வருஷம் கழித்து ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவரிடமிருந்து விவரம் தெரிகிறது. அந்த இரு கத்திகளும் அல்மான்சா, அல்மாடா என்ற இரண்டு ரௌடிகளுடையவை. ஒருவரையொருவர் வாழ்நாள் முழுக்கத் தேடி, சந்திக்காமலே செத்துப்போனவர்கள். சண்டையை அவர்களுடைய கத்திகள் அலமாரிக்கு வெளியே முடித்துக்கொண்டன.

இதுவரை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது நடுவில் வரும் ஒரு சின்ன விஷயம். கொலை நடந்ததும் அந்த இளைஞர்கள் கூடிப் பேசி, முடிந்தவரை குறைவாகப் பொய் சொல்வது என்று தீர்மானிக்கிறார்கள். அந்தக் குறைந்தபட்சப் பொய் என்ன? கத்திச்சண்டையை வாள்சண்டையாக மாற்றிச் சொல்வது. கத்தி ரௌடிகளுடையது, வாள் கனவான்களுடையது. பெயரை மாற்றினால் போதும், கொலை கௌரவமான துவந்த யுத்தம் ஆகிவிடும். யாரும் ஜெயிலுக்குப் போகவில்லை. நியூயார்க் பையனின் கத்தி அவனை மின்சார நாற்காலிக்குத் தள்ளுகிறது. இங்கே அலமாரியே வழக்கை மூடிவிடுகிறது.

நம் நாட்டில் இந்தக் கதைக்குப் பொருத்தமான ஊர் உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர். நவாபுகளின் சமஸ்தானமாக இருந்த ஊர், ‘ராம்பூரி சாகு’ என்றால் ஹிந்தி சினிமா பார்க்கும் எவருக்கும் தெரியும். பல ராம்பூரிகளில் பட்டன் இருப்பது திறப்பதற்கு அல்ல, திறந்து நிற்கும் அலகின் பூட்டை விடுவிப்பதற்கு. கையால் இழுத்துத் திறக்கும்போது பல்சக்கரத்தில் உரசுவதுபோல் கரகரவென்று ஒரு சத்தம் வரும். நம்ம கறுப்புவெள்ளைப் படத்து அடியாட்களின் பட்டன் கத்தி ‘டக்’ என்று ஒரே சத்தத்தில் முடிந்துவிடும். ராம்பூரி மிரட்டலை நீட்டி வாசிக்கும். அந்த ஊரிலேயே 2023 மார்ச்சில் சாலைச் சந்திப்பில் சுமார் 20 அடி நீளக் கத்தி ஒன்றைச் சிலையாக நிறுத்தினார்கள். ஊரின் பெருமையாம். பையில் வைத்தால் வழக்கு, சந்திப்பில் வைத்தால் பாரம்பரியம்.

வழக்கு என்று சும்மா சொல்லவில்லை. ஆயுதச் சட்டம் 1959-ல் வந்தது. அதன் விதிகளில் 9 அங்குல நீளமோ 2 அங்குல அகலமோ தாண்டும் கத்திகள் அடங்கும். வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்த கத்திகளுக்கு விலக்கு. ஆனால் டெல்லியில் 1980-ல் தனியாக ஓர் அறிவிக்கை வந்தது: ஸ்பிரிங்கிலோ, பல்சக்கரத்திலோ, பட்டனிலோ இயங்கும் கத்தியின் அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் இருந்தாலே கணக்கில் வரும். 7.62 என்றால் சரியாக 3 அங்குலம். அமெரிக்கச் சட்டம் ஒற்றைக் கைக்காரருக்கு விட்டுக்கொடுத்த அதே 3 அங்குலத்தில் நம்முடைய குற்றம் ஆரம்பிக்கிறது. டெல்லி நீதிமன்றத் தீர்ப்புகளில் ‘பட்டன்தார்’ கத்தி என்ற சொல் வந்துகொண்டே இருக்கும். பிடித்த கத்தியைக் காகிதத்தில் வைத்து வரைவார்கள். அலகு இத்தனை, பிடி இத்தனை, மொத்தம் இத்தனை சென்டிமீட்டர் என்று குறிப்பார்கள். அந்த வர்ணனையைப் படித்தபோது எனக்குச் சட்டென்று அண்ணன் காட்டிய ஏலக்குறிப்புகள் ஞாபகம் வந்தன. அதே மூன்று அளவுகள், அதே வரிசை. ஒன்றில் செய்தவன் பெயர் இருக்கும், வைத்திருந்தவன் பெயர் இருக்காது. இன்னொன்றில் வைத்திருந்தவனின் பெயர், அப்பா பெயர், முகவரி எல்லாம் இருக்கும், செய்தவனைப் பற்றி ஒரு சொல் இருக்காது.

சேகரிப்பாளர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பொருளை நேசிக்கிறவர்கள், நுட்பமாகப் பார்க்கிறவர்கள். என்னுடைய குறை, அவர்களுடைய அறிவு எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதில். எங்க அப்பாருகிட்ட ஒரு மடக்குக் கத்தி இருந்துச்சு. நகத்தை விட்டுத் திறக்கணும். பாக்கு சீவ, மாட்டுக் கயிறு அறுக்க, வேப்பங்குச்சி நறுக்க எல்லாத்துக்கும் அதுதான். கல்லில் தீட்டித் தீட்டி அலகு பாதியாகியிருந்தது. சந்தையில் அதற்கு ஒரு பைசா தேறாது. ஆனால் அந்தத் தேய்மானத்தில் அவர் வலது கை எந்தக் கோணத்தில் வேலை செய்தது என்பது பதிந்திருந்தது.

‘12 ஆங்ரி மென்’ படத்தில் இந்த அறிவை வைத்திருப்பவர் ஃபோண்டா இல்லை, ஜாக் க்ளக்மன் நடித்த ஐந்தாம் ஜூரி. ஏழைத் தெருவிலிருந்து வந்தவர். மற்றவர்கள் அந்தத் தெருக்களைக் கேவலமாகப் பேசும்போது கூனிக்குறுகி உட்கார்ந்திருப்பவர். அப்பாவைவிடக் குள்ளமான பையன் மேலிருந்து கீழாகக் குத்தியிருக்க முடியுமா என்ற விவாதம் வருகிறது. ஐந்தாம் ஜூரி எழுந்து கத்தியைக் கையில் வாங்குகிறார். இந்தச் சாமான்களையே தனக்குப் பிடிக்காது என்கிறார். பிறகு காட்டுகிறார்: பட்டன் கத்தி திறக்கும்போது கை தாழ்வாக இருக்கும், பழகியவன் அப்படியே கீழிருந்து மேலாகத்தான் குத்துவான், பிடியை மாற்றிக்கொண்டிருக்கமாட்டான். ஃபோண்டா வாங்கிவந்தது அபூர்வத்தை உடைத்தது, சரி. அது சேகரிப்பாளனின் வழியிலேயே போய் சேகரிப்பாளனைத் தோற்கடிப்பது: இன்னொன்றைக் கண்டுபிடி. கத்தியை அது வாழ்ந்த கைக்குத் திருப்பிக் கொடுத்தவர் க்ளக்மன். படத்தில் நான் மறுபடி மறுபடி போட்டுப் பார்ப்பது அவருடைய முகத்தைத்தான். வெட்கப்பட்டு மறைத்துவைத்த அறிவு ஓர் உயிரைக் காப்பாற்றப் பயன்படுகிறது. அப்போதும் அவர் முகத்தில் பெருமை வரவில்லை.

சமீபத்தில் அண்ணனிடம் அந்த ராம்பூரியைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். பித்தளைப் பிடி, அலகில் ஒரு கீறல் இல்லை. யார்கிட்ட இருந்துச்சுன்னு கேட்டீங்களாண்ணா என்றேன்.

“அதையெல்லாம் கேட்டா குடுப்பாங்களாங்க?” என்றார்.