யாரும் அடிக்காத மணி

வேல்ஸின் அபெர்டோவியில் படகுத்துறைக்கு அடியில் ஒரு வெண்கல மணி தொங்குகிறது. 2011இல் சிற்பி மார்கஸ் வெர்கெட் அமைத்தது. ஓதம் ஏறும்போது அலைகளே மணியின் நாக்கை அசைக்கின்றன. கடல்மட்டம் உயர உயர அது அடிக்கடி ஒலிக்கும். மூழ்கும்போது சுருதியும் மாறும்.

அந்த விரிகுடாவில் ஒரு நாடு மூழ்கிக் கிடப்பதாகப் பழங்கதை. பிந்தைய வடிவத்தில், குடித்துவிட்டு மதகை மூட மறந்த காவலன் குற்றவாளி. 13ஆம் நூற்றாண்டுச் சுவடியான ‘கார்மார்தன் கருப்புப் புத்தக’த்தில் சாபம் ஒரு பெண்மீது: நீரூற்றுப் பணியிலிருந்த மெரெரிட். அவள் அலறல் அந்தப் பாட்டில் கேட்கிறது. அவள் தரப்பு கேட்கவில்லை.

இந்த மணி எவரையும் சபிப்பதில்லை. அதனாலேயே எனக்குப் பிடித்தது. ஆனால் அதன் ஒலிப்பதிவை மறுபடி கேட்கையில் ஓர் உறுத்தல். கடல் தானாகவா உயர்ந்தது? தென் வேல்ஸின் நிலக்கரி உலகெங்கும் நீராவிக் கப்பல்களை ஓட்டியது. அதில் லாபம் பார்த்தவர்களுக்குப் பெயர்கள் உண்டு. அடிக்கும் கை இல்லாத இசையில் அந்தக் கைகளும் மறைந்துபோகின்றன.

வகுப்பில் நெய்தல் நடத்தும் எனக்கு இரங்கல் பழகிய உரிப்பொருள். அது மட்டும் போதாது என்று இப்போது தோன்றுகிறது. அன்று பழியைப் பெண்மீது போட்டார்கள். இன்று யார்மீதும் போடாமல் இரங்குகிறோம். இரண்டிலும் மதகைத் திறந்தவர்கள் தப்பிவிடுகிறார்கள்.