ஒளிக்கசிவைப் பெட்டி போட்டு மூடலாமா?

வீட்டின் உட்புறத்தை ரெண்டர் செய்பவர்களுக்குப் பழகிப்போன தொல்லை ஒளிக்கசிவு. ஜன்னலே இல்லாத மூலையில், சுவரும் தரையும் சேரும் இடத்தில் வெளிச்சக் கீற்று. கூரையோரம் ஒரு வெண்திட்டு. இதற்குப் பரவலான வைத்தியம், அறைக்கு வெளியே கறுப்புப் பெட்டி ஒன்றை மாட்டி, ஜன்னல்களுக்கு மட்டும் வழிவிடுவது.

இந்த முறையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. சில நிமிட வேலை. வேறொருவர் வரைந்து தந்த மாடலில் கை வைக்க வேண்டியதில்லை. சுவரும் கூரையும் சரியாகச் சேராமல் முடியளவு சந்து இருந்து, அதன் வழியே வெயில் நேராக நுழைகிறது என்றால், பெட்டி அதைத் தடுத்துவிடும். நாளை காலை காட்ட வேண்டிய ஒற்றைப் படத்துக்கு அது போதும்.

ஆனால் எல்லாக் கசிவும் சந்தால் வருவதில்லை. கிரெக் வார்டும் உடன் ஆய்வாளர்களும் 1988-இல் முன்வைத்த முறை, சிதறி வரும் ஒளி ஒரு பரப்பில் மெல்ல மெல்லத்தான் மாறும் என்று கொள்கிறது. அதனால் சில புள்ளிகளில் மட்டும் ஒளியைக் கணக்கிட்டு, இடைப்பட்டதை அண்டைப் புள்ளிகளைக் கொண்டு நிரப்புகிறது. வி-ரே என்ற ரெண்டர் மென்பொருளின் இர்ரேடியன்ஸ் மேப் இந்த வழியில் வந்ததுதான். சுவருக்கு அடியில் தரை ஒரே பலகையாக வெளியே நீண்டிருந்தால், வெயிலில் கிடக்கும் புள்ளியும் அறைக்குள் இருக்கும் புள்ளியும் அண்டை வீட்டுக்காரர்கள் ஆகிவிடும். இரண்டையும் கலந்ததன் விளைவே அந்தக் கீற்று.

இங்கேதான் பெட்டி காலை வாரிவிடுகிறது. வெளிப்புள்ளி இருண்டுவிடும், கலப்பு மட்டும் நிற்காது. வெளிச்சக் கீற்று இருந்த இடத்தில் அழுக்குக் கறை போன்ற நிழல் படியும்.

ஆகவே முதலில் நோயை அறிய வேண்டும். ஜன்னல்களை ஒளிபுகாத பலகையால் அடைத்து, விளக்குகளை அணைத்து, வெயிலை மட்டும் விட்டுப் பார்க்கலாம். எஞ்சும் வெளிச்சம் கசிவு. பிறகு சிதறொளியின் முதல்நிலை, இரண்டாம்நிலைக் கணிப்புகள் இரண்டையும், இடைநிரப்பு இல்லாமல் ஒவ்வொரு புள்ளியையும் தனியே கணக்கிடும் புரூட் ஃபோர்ஸுக்கு மாற்றி, அந்த மூலையை மட்டும் ரெண்டர் செய்யலாம். கசிவு நீடித்தால் மாடலில் சந்து இருக்கிறது. மறைந்தால் குறை கணிப்பில். முன்னதற்குச் சுவரை ஒட்ட வேண்டும். பின்னதற்குத் தரையைச் சுவரோடு வெட்டி, சுவருக்கு உண்மையான கனம் தர வேண்டும்.

கனம் தருவதும் சர்வரோக நிவாரணி அல்ல. அன்ரியல் என்ஜினின் ஒளிக்கணிப்பு முறையான லூமெனுக்குச் சுவர் 10 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது அதன் வழிகாட்டி. ஒன்பது அங்குலச் செங்கல் சுவருக்குச் சிக்கலில்லை. 18 மில்லிமீட்டர் பிளைவுட் தடுப்பை என்ன செய்வது? மென்பொருளுக்காக அதைப் பருமனாக்கினால், படம் வடிவமைப்பைப் பற்றிப் பொய் சொல்லும். அங்கே நேரம் கூடினாலும் இடைநிரப்பு இல்லாத கணிப்பே நேர்மையானது.

ஒற்றைப் படத்துக்கு, நேரடிச் சந்துக்கு, பெட்டி போடலாம். அறைக்குள் நடந்து பார்க்கும் காட்சிக்கும், மேசைமேல் எத்தனை லக்ஸ் விழும் என்று கணக்கிடும் பகலொளி ஆய்வுக்கும் அது உதவாது. முன்னதில் கேமரா நகரும், திட்டம் மாறும், பெட்டி பொருந்தாமல் போகும். பின்னதில் கலப்புப் பிழை எண்ணாக மாறி, ஜன்னலின் அளவையே தவறாக முடிவு செய்ய வைக்கும்.