என்றும் பெண்மையா, என்றும் விற்பனையா?

முதுமையை முறியடிக்கும் மூலிகை உண்டென்று மந்திரவாதி கூறினால் நகைக்கிறோம். மருத்துவர் அதையே கூறினால் நகைப்பதில்லை; நம்புகிறோம்! நம்பிக்கை ஆள் மாறிற்றே தவிர, ஆராயும் அறிவு பிறந்ததா? இக்கேள்வியோடுதான், 1966இல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு நூலை ஆராய முற்படுகிறோம்.

நூலின் பெயர் 'ஃபெமினைன் ஃபாரெவர்'. அதாவது, என்றும் பெண்மை. ஆசிரியர் நியூயார்க் மகளிர் மருத்துவர் ராபர்ட் வில்சன். மாதவிடாய் நிற்பது இயற்கை மாறுதல் அன்று, குறைபாட்டு நோய் என்கிறார் அவர். நீரிழிவுக்கு இன்சுலின் எப்படியோ, இதற்கு ஈஸ்ட்ரோஜன் அப்படியாம்! நடையில் எளிமை உண்டு. வாதத்தில் வலிமை உண்டா? பெண்ணின் பெருமையை அவள் இளமையிலும், கணவன் கண்ணுக்கு இனியவளாய் இருப்பதிலும் அளக்கிறது நூல். ஐம்பது வயதுப் பெண்ணைப் பழுதுபட்ட பண்டமாக்குவது மருத்துவமா? பழைய ஆணாதிக்கத்துக்குப் புதிய சீசா என்போம் நாம். மாத்திரை விற்ற வைத் நிறுவனமே நூலின் செலவை ஏற்றதென்று 2002இல் அவர் மகனே கூறினார்.

1975இல் வெளிவந்த ஆய்வுகள், ஈஸ்ட்ரோஜனைத் தனியே உண்டவரிடம் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய் மிகுந்ததைக் காட்டின. புரோஜெஸ்டின் சேர்த்தனர், விற்பனை தொடர்ந்தது. இதயத்துக்கும் இது காவல் என்ற பேச்சு ஓங்கியது. உண்டவர்க்கு மாரடைப்பு குறைவென்று பெரிய கணக்கெடுப்புகளும் கூறின. ஆனால் உண்டவர் யார்? பெரும்பாலும் வசதியுள்ளவர், படித்தவர், மருத்துவரை அடிக்கடி நாடுபவர். காத்தது மாத்திரையா, வாழ்க்கை வசதியா? கணக்கெடுப்பு மட்டும் இதற்கு விடை தராது.

விடை தந்தது சோதனை. மாதவிடாய் நின்ற 16,608 பெண்களைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இருமருந்து மாத்திரையும், மறு பிரிவுக்கு மருந்தில்லா மாத்திரையும் தந்தனர். 2002இல் இடையிலேயே நிறுத்தினர். மருந்து உண்டவரில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு 7 இதயநோய் நிகழ்ச்சிகள், 8 பக்கவாதம், 8 மார்பகப் புற்றுநோய் கூடுதல். இடுப்பெலும்பு முறிவு 5 குறைவு. எண்கள் சிறியவைதாம், எனினும், காவல் என்ற கதை கலைந்தது.

அதே ஆண்டில் 73,743 பெண்களைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று, விரைந்து நடப்பவர்க்கு இதயநோய் குறைவென்றது. மாத்திரைக்கு வைத்த அளவுகோலை நடைக்கும் வைப்பதே நேர்மை. இதுவும் கணக்கெடுப்பே; உடல்நலம் உள்ளவர்தாமே நடக்கிறார் என்று எவரும் கேட்கலாம். ஆயினும், உடற்பயிற்சி இரத்த அழுத்தத்தைக் குறைப்பதைச் சீட்டுக்குலுக்குச் சோதனைகளே மெய்ப்பித்துள்ளன. வாரம் இரண்டரை மணி நேர விரைநடையை எந்த நிறுவனமும் சீசாவில் அடைத்து விற்க இயலாது. அதனால்தான் அதற்கு இத்தகைய பரணிநூல் எவரும் பாடவில்லை!

மாத்திரையை முற்றாகத் தள்ளுவதும் மூடத்தனமே. சோதனைக்கு உட்பட்டவரின் சராசரி வயது 63. அறுபதுக்குக் கீழ்ப்பட்டவர்க்கும், மாதவிடாய் நின்று பத்தாண்டு கடவாதவர்க்கும் தீங்கு குறைவென்று பின்னாய்வுகள் காட்டின. உடல் திடீரெனத் தகித்து வியர்க்கும் தொல்லைக்கு இதைவிடப் பயனுள்ள மருந்தில்லை. தொல்லை தீர, மருத்துவர் ஆய்ந்து தரும்போது அது மருந்து. இதயத்துக்குக் கவசமென்று விற்கும்போது அது தாயத்து.

வில்சன் நூலின் குற்றம் மருந்தைப் புகழ்ந்தது அன்று; கேள்விக்கு இடம் தராதது. எத்தனை பேரிடம் சோதித்தீர்? யாரோடு ஒப்பிட்டீர்? யார் பணத்தில்? இம்மூன்றையும் 1966இலேயே உரக்கக் கேட்டிருந்தால், பல பெண்கள் புற்றுநோய்க்கு ஆளாகாதிருப்பர். கோயிலில் கேட்கத் துணிந்த நாம், மருந்தகத்திலும் கேட்போம்.