கம்சபாவும் பெரட்டுக்களமும்: சப்ரகமுவவிலிருந்து நீலன் திருச்செல்வத்தை வாசித்தல்

நீலன் திருச்செல்வத்தைப் பற்றி எழுதும் நம்மவர்கள் அவரது மரணத்திலிருந்தே தொடங்கிவிடுகிறார்கள். 1999 ஜூலை 29ஆம் திகதி கொழும்பில் தற்கொலைக் குண்டுதாரி ஒருவரால் அவர் கொல்லப்பட்டது நம் காலத்தின் பெருந்துயர்களில் ஒன்று. அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஒரு சட்ட அறிஞரைச் சாவைக்கொண்டே நினைவுகூர்ந்து கொண்டிருந்தால் அவர் எழுதியதை யார் வாசிப்பது?

அவர் எழுதியதிலும்கூட எப்போதும் பேசப்படுவது பிற்காலப் பணிதான். 1995ஆம் ஆண்டின் அதிகாரப் பகிர்வு யோசனைகள், 1997ஆம் ஆண்டின் யாப்பு வரைபு, ஜீ.எல்.பீரிஸுடன் சேர்ந்து அவர் செய்த வேலைகள். 1984இல் வெளிவந்த அவரது ஆங்கில நூலைப் பற்றி எவரும் வாய் திறப்பதாகத் தெரியவில்லை. ‘இலங்கையில் மக்கள் நீதியின் கருத்தியல்’ என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். மாணவனாக இருந்தபோது அதனைப் பரீட்சைக்காக வாசித்தேன். பரீட்சைக்கு வாசித்தது பரீட்சையோடு போயிற்று.

2014ஆம் ஆண்டு மழைக்காலத்தில் கேகாலை மாவட்டத்து இறப்பர் தோட்டம் ஒன்றுக்குப் போக நேர்ந்தது. எங்கள் வாப்பா கடை நடத்திய நாளிலிருந்து எம்மிடம் கணக்கு வைத்திருந்த ஒரு குடும்பத்தில் மௌத்து வீடு. அவர்கள் ‘எழவு வீடு’ என்பார்கள். லயத்துக்கும் பாதைக்கும் நடுவே ஓடிய ஓடையின் சிறு பாலம் உடைந்து கிடந்தது. பிரேதத்தை நான்கு பேர் தண்ணீரில் இறங்கித் தூக்கிப் போனார்கள். பாலத்தைக் கட்டித் தரச் சொல்லி யாரிடமும் கேட்கவில்லையா என்றேன். பால்வெட்டி ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் சொன்னார்: “கேட்டோம் நானா. தொரைகிட்ட போனா சபைக்குப் போங்கறாரு. சபைக்குப் போனா அது தோட்டத்துக் காணிங்கறாங்க. ஓட்டுப் போடறப்ப நாங்க சபை ஆளுக. பாலம் ஒடஞ்சா தோட்டத்து ஆளுக.”

வீடு திரும்பிய பின் நீலனின் அந்தப் பழைய நூலைத் தேடியெடுத்தேன்.

அது எளிதில் வழிவிடும் நூல் அல்ல. ஹாவார்டில் சட்டம் பயின்ற ஒருவரின் நடை. சில பக்கங்களை இரண்டு தடவை வாசிக்க வேண்டியிருந்தது. ஆனால் அதன் கேள்வி தெளிவானது. மரத்தடியில் ஊர்ப் பெரியவர்கள் கூடுகிறார்கள். வழக்கறிஞரும் இல்லை, கட்டணமும் இல்லை. பேசிப் பேசியே பிணக்குத் தீர்கிறது. கம்சபாவ பற்றி நாம் பள்ளிக்கூடத்தில் படித்த இந்தப் படம் யாருக்குத் தேவைப்பட்டது? 1871இல் கிராமச் சமூகங்கள் கட்டளைச் சட்டத்தின் மூலம் கிராம மன்றுகளுக்கு உயிர்கொடுத்தது பிரித்தானிய ஆட்சி. சுதந்திரத்தின் பின் 1958ஆம் ஆண்டின் சட்டத்தினால் இணக்க சபைகள் வந்தன. குறிப்பிட்ட வகைப் பிணக்குகள் அச்சபையின் சான்றிதழ் இல்லாமல் நீதிமன்ற வாசலை மிதிக்க முடியாது என்ற நிலை ஏற்பட்டது. அங்கத்தவர் நியமனத்தில் கட்சி அரசியல் புகுந்துவிட்டது என்ற முறைப்பாடு வலுத்து, 1977இல் ஆட்சி மாறியதும் அவை இல்லாதொழிக்கப்பட்டன. 1988இல் வேறு உருவில் மத்தியஸ்த சபைகளாகத் திரும்பி வந்தன.

நீலன் இந்த வரலாற்றை மெய்மறந்து பாராட்டவில்லை. தலைப்பிலேயே ‘கருத்தியல்’ என்று எச்சரிக்கை செய்துவிடுகிறார். மக்களின் பெயரால் அமைக்கப்படும் மன்று மக்களுடையதுதானா, அரசு கிராமத்துக்குள் கால் வைக்க அமைத்த படிக்கட்டா என்பதே அவரது ஐயம். பின்னர் மேற்கில் ‘கலந்தாய்வு ஜனநாயகம்’ என்று பெரும் பேச்சாகிய சிந்தனைக்கு முன்கூட்டியே இடப்பட்ட ஒரு கேள்விக்குறியாக நான் இந்நூலைக் காண்கிறேன். ஜேர்மனியச் சிந்தனையாளர் ஹாபர்மாஸ் 1992இல் எழுதிய சட்டத் தத்துவ நூலின் சாரம் இதுதான்: ஒரு சட்டத்தினால் பாதிக்கப்படக்கூடிய அனைவரும் நியாயமான உரையாடலில் பங்குகொண்டு அதற்கு இணங்கக்கூடுமாயின் மட்டுமே அச்சட்டம் செல்லத்தக்கது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ‘அனைவரும்’ என்ற பட்டியலைத் தயாரிப்பவர் யார்?

இந்த இடத்தில் நீலன் மீதும் எனக்கு மனக்குறை உண்டு. அவரது நூலின் மேடை கிராமம். தோட்டமோ கிராமம் அல்ல. சட்டப்படியே அல்ல. கிராமத்தான் ஒருவன் மன்றுக்குப் போய் வெல்லலாம், தோற்கலாம். லயத்தில் இருந்தவருக்கு அந்த மன்றே இல்லை. அவருக்கிருந்தது விடியற்காலைப் பெரட்டுக்களம். அங்கே பெயர் கூப்பிடுவார்கள், வேலை பிரிப்பார்கள். பதில் பேச்சுக்கு இடமில்லை. வாரத்தில் ஒரு நாள் துரை ஒப்பீசில் முறைப்பாடு கேட்பார். முறைப்பாட்டுக்குக் காரணமானவரும் தீர்ப்புச் சொல்பவரும் பல வேளைகளில் ஒருவரே. அரசு தன் கருத்தியலைக் கிராமத்தின் மீது சுமத்தியது என்கிறார் நீலன். தோட்டத்துக்கு அந்தச் சுமையைத் தரவும் அரசு மனம் வைக்கவில்லை.

தோட்ட மக்கள் வாய்மூடி இருந்தார்கள் என்று எவரும் எண்ணிவிடக் கூடாது. இலங்கை யாப்புச் சட்டத்தின் மிகப் பெரிய வழக்குகளில் ஒன்று பிறந்தது சப்ரகமுவவில்தான். றுவன்வெல்லத் தொகுதியின் வாக்காளர் இடாப்பில் தமது பெயரைச் சேர்க்குமாறு கோடக்கன் பிள்ளை என்பவர் விண்ணப்பித்தார். 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தின்படி அவர் பிரஜை அல்ல. 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டத்தின்படி பிரஜை அல்லாதவருக்கு வாக்கில்லை. மீள்பரிசீலனை அலுவலர் துணிந்து ஒரு காரியம் செய்தார். சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவு ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகம் செய்யும் சட்டத்தைத் தடுக்கிறது, ஆகவே இச்சட்டங்கள் செல்லாது என்று தீர்த்துப் பெயரைச் சேர்க்கச் சொன்னார். உயர் நீதிமன்றம் அதனை நீக்கிற்று. 1953இல் இலண்டன் கோமறைக் கழகமும் உயர் நீதிமன்றத்தின் பக்கமே நின்றது. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் உரிமை என்பது அதன் நியாயம்.

றுவன்வெல்லத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினராக அன்று இருந்தவர் கலாநிதி என்.எம்.பெரேரா. பிரஜாவுரிமைச் சட்டத்தை எதிர்த்தவர். பின்னாளில் அவரது கட்சி கூட்டரசாங்கத்தில் இருந்தபோதே 1972ஆம் ஆண்டு யாப்பு வந்தது. அதனை வடித்தவர் அதே கட்சியின் கொல்வின் ஆர்.டி.சில்வா. அந்த யாப்பில் 29(2)ஆம் பிரிவு இருக்கவில்லை. இடதுசாரி நண்பர்கள் இதற்குப் பல விளக்கங்கள் வைத்திருக்கிறார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

நீலனின் பிற்கால வரைபுகளுக்கு வருகிறேன். அவற்றின் வழிவந்த யாப்புச் சட்டமூலம் 2000 ஆகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது எதிர்க்கட்சியினர் சபையிலேயே அதன் பிரதிகளைக் கொளுத்தினார்கள். ஆண்டுக்கணக்கில் பேசியவற்றின் முடிவு அது. அதைப் பார்க்க நீலன் உயிரோடு இல்லை. ஆயினும் எரிக்கப்படாமல் நிறைவேறியிருந்தாலும் சப்ரகமுவவின் தோட்டங்களுக்கு அது என்ன கொடுத்திருக்கும் என்று நான் யோசிப்பதுண்டு. பிராந்தியங்களுக்கு அதிகாரம் என்பது ஓரிடத்தில் செறிந்து வாழ்பவருக்கான மருந்து. தெரணியகலவிலும் பலாங்கொடையிலும் மலைக்கு மலை சிதறிக் கிடப்பவர்களுக்கு இரத்தினபுரியில் அதிகாரம் வந்தாலென்ன, கொழும்பில் இருந்தாலென்ன? மாவனெல்லையிலும் கேகாலையிலும் வாழும் நம்மவருக்கும் இது பொருந்தும். 2001 மே மாதத்தில் மாவனெல்லை எரிந்தபோது எந்த எல்லைக்கோடு நம்மைக் காத்தது? சிதறி வாழ்பவருக்குத் தேவை எல்லைக்கோடு அல்ல. அருகிலிருக்கும் சிறிய சபையில் தன் மொழியில் பேசவும் பதில் பெறவும் ஓர் இடம். அதனால்தான் நீலனின் புகழ்பெற்ற வரைபுகளை விட எவரும் பேசாத அந்த 1984ஆம் ஆண்டு நூலே எமக்கு நெருக்கமானது என்கிறேன். சிறிய சபைகளின் அரசியலை வாசிக்கும் முறை அதில் இருக்கிறது. தோட்டத்தை அந்த வாசிப்புக்குள் கொண்டுவரும் வேலை எமக்கு மிஞ்சியிருக்கிறது.

அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அண்மைக்காலத்தைப் பார்க்கலாம். அயர்லாந்தில் 2016இல் வாக்குரிமை உள்ள சாதாரணப் பிரஜைகள் 99 பேரை அமர்த்தி நாட்டின் சிக்கலான பிரச்சினைகளை ஆராய விட்டார்கள். எம் நாட்டில் அதே ஆண்டு லால் விஜேநாயக்க தலைமையிலான குழு மாவட்டம் மாவட்டமாகச் சென்று யாப்பு மாற்றம் பற்றி மக்கள் கருத்தைக் கேட்டது. நல்ல முயற்சி, 2016 மே மாதத்தில் அறிக்கையும் வந்தது. அந்த யாப்பு வரவில்லை. கருத்துச் சொன்னவருக்கு அவர் சொன்னது என்னவாயிற்று என்று திரும்பி வந்து கூற எவரும் இருக்கவில்லை. கேட்பது கலந்தாய்வின் பாதி மட்டுமே. நீலன் இருந்திருந்தால் ‘மக்கள் கருத்து’ என்ற சொல்லையும் ஒருமுறை தட்டிப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.

பாலத்தின் கதைக்குக் காரணம் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு. அதைக் காட்டியே தோட்டங்களுக்குச் சபை நிதியைச் செலவிட முடியாது என்று 30 ஆண்டுகளாகச் சொல்லப்பட்டது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. யாப்பு அறிஞர்களின் கருத்தரங்குகளில் இந்தத் திருத்தம் பெரிதாகப் பேசப்பட்டதை நான் கேட்டதில்லை. ஒரு பிரிவில் சில சொற்கள் மாறிய சங்கதிதானே!

திருத்தம் வந்த மறு ஆண்டு அந்தத் தோட்டத்துக்கு மீண்டும் போனேன். இளைஞர்கள் இறப்பர் மரத் துண்டங்களை அடுக்கித் தாங்களே ஒரு பாலம் போட்டிருந்தார்கள். பெரியவர் சபைக்கு எழுதிய புதிய கடிதத்தின் பிரதியைக் காட்டினார். தமிழில் எழுதி, சிங்களத்தில் மொழிபெயர்த்து, இரண்டையும் சேர்த்துத் தைத்திருந்தார். சட்டம் மாறியது அவருக்குத் தெரியும். பிரிவின் இலக்கத்தையும் கடிதத்தில் குறிப்பிட்டிருந்தார். பதில் இன்னும் வரவில்லை என்றார்.